எமே செசேர்: பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் 47 ஆண்டுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியக் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேரை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். அதே மனிதர் 1945 முதல் 1993 வரை பாரிஸில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார் என்பது பலருக்கு வியப்பான செய்தி. அவருடைய கவிதைகளைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அவையில் அவர் செய்த வேலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இந்தப் பக்கம் அந்த வேலையைப் பற்றியது. அவரை ஒரு சட்டத்தின் வழியாகத்தான் புரிந்துகொள்ள முடியும் என்பது என் கருத்து. அதனால் எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் பதில் 1946 ஆம் ஆண்டுக்கே திரும்பிப் போகும்.

செசேர் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1913 ஜூன் 26 அன்று மார்த்தினிக்கின் வடகோடியில் உள்ள பாஸ்-புவாந்த் என்ற ஊரில் பிறந்தார். சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். தந்தை வரித்துறையில் வேலை பார்த்தவர், தாய் தையல்காரர். நன்றாகப் படித்த பையன். 1931இல் உதவித்தொகை பெற்றுப் பாரிஸ் போனார். அங்கே செனகலிலிருந்து வந்திருந்த லெயோபோல் செதார் செங்கோரைச் சந்தித்தார். கறுப்பின மக்கள் தங்கள் ஆப்பிரிக்க வேரைத் தாழ்வாக அல்ல, பெருமையாகப் பார்க்க வேண்டும் என்ற 'நெக்ரித்யூத்' சிந்தனை இந்த நட்பில்தான் உருவானது. 1939இல் ஊர் திரும்பித் தலைநகர் ஃபோர்-த-ஃபிரான்ஸில் பள்ளி ஆசிரியரானார். மனைவி சுசானோடும் நண்பர்களோடும் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தினார். அப்போது தீவை ஆண்ட விஷி அரசின் (1940இல் ஜெர்மனியிடம் தோற்றபின் அதோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசு) ஆட்கள் 1943இல் அதை முடக்கினார்கள்.

ஆசிரியர் எப்படி அரசியலுக்கு வந்தார்?

திட்டமிட்டு வரவில்லை. 1940 முதல் 1943 வரை தீவை அட்மிரல் ரொபேர் என்பவர் விஷி அரசின் பெயரால் ஆண்டார். நேச நாடுகளின் கடல் முற்றுகையால் உணவு வரவில்லை. துறைமுகத்தில் சிக்கி நின்ற கப்பல்களின் மாலுமிகள் ஊருக்குள் இறங்கி, இனவெறியை ஒளிவு மறைவில்லாமல் காட்டினார்கள். அந்தப் பசியும் அவமானமும் போர் முடிந்ததும் வாக்குகளாக மாறின. 1945 மே மாதம் நடந்த நகராட்சித் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி தன் பட்டியலில் இந்த ஆசிரியரின் பெயரைச் சேர்த்தது. பட்டியல் வென்றது, அவர் மேயரானார். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று பிரான்ஸின் புதிய அரசியல் நிர்ணய சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 32.

அவரிடம் படித்த மாணவர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. கடினமான பிரெஞ்சுக் கவிதைகளை வகுப்பில் உணர்ச்சியோடு விளக்கிய அந்த இளம் ஆசிரியரின் பெயர் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

1946ஆம் ஆண்டுச் சட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

1946 மார்ச் 19 தேதியிட்ட சட்டம். மார்த்தினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானா, ரெயூனியோன் ஆகிய நான்கு பழைய காலனிகளையும் அது பிரான்ஸின் மாவட்டங்களாக மாற்றியது. ஆளுநர் போய்விடுவார், பாரிஸிலோ மார்செய்யிலோ இருப்பது போல, மைய அரசின் பிரதிநிதியாக ஒரு பிரெஃபெக்ட் வருவார். பிரெஞ்சுச் சட்டங்கள் அங்கேயும் செல்லும்.

இதற்கான மசோதாக்களைக் கொண்டுவந்தவர்கள் பலர். மார்த்தினிக்கின் இன்னொரு கம்யூனிஸ்ட் உறுப்பினரான லியோபோல்ட் பிசோல், கயானாவின் காஸ்தோன் மொனெர்வில், ரெயூனியோனின் ரெமோன் வெர்ஜஸ் முதலியோர். அவற்றை ஒன்றாக்கி, குழுவின் சார்பில் அறிக்கை எழுதி அவையில் முன்வைக்கும் பொறுப்பு செசேருக்கு வந்தது. அவைக்குள் நுழைந்து ஆறு மாதம் ஆகாத ஒரு புதிய உறுப்பினருக்கு இது பெரிய பொறுப்பு. சட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

காலனியாதிக்கத்தை எதிர்த்தவர் பிரான்ஸோடு இன்னும் நெருக்கமாக இணைய வேண்டும் என்று ஏன் கேட்டார்? முரண்பாடு இல்லையா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. அவர் உயிரோடு இருந்தபோதே அவரைத் துரத்திய கேள்வியும்கூட. இதற்குப் பதில் சொல்ல அந்தக் காலத்தை அந்தத் தீவில் நின்று பார்க்க வேண்டும்.

மார்த்தினிக் 1635 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அடிமை முறை 1848இல் ஒழிந்தபோதே விடுதலை பெற்றவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களானார்கள், வாக்குரிமையும் வந்தது. ஆக 1946இல் மார்த்தினிக் மக்களுக்குக் குடியுரிமை இல்லை என்பது பிரச்சினையல்ல. குடியுரிமை இருந்தது; அதோடு வர வேண்டிய பலன்கள் இல்லை. பிரான்ஸில் தொழிலாளி காய்ச்சலில் படுத்தால் காப்பீடு உண்டு, முதுமையில் ஓய்வூதியம் உண்டு, பிள்ளைகளுக்குக் குடும்பப் படி உண்டு. மார்த்தினிக்கில் கரும்பு வெட்டியவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. நிலமும் சர்க்கரை ஆலையும் 'பெக்கே' என்று அழைக்கப்படும் சில வெள்ளைத் தோட்டக்காரக் குடும்பங்களின் கையில் இருந்தன. ஆளுநர் அவர்களுடைய விருந்து மேசையில் உட்கார்ந்து ஆட்சி செய்தார்.

இடதுசாரிகள் போட்ட கணக்கு இதுதான்: தீவுக்குத் தனி அதிகாரம் கொடுத்தால் அது பெக்கேக்களின் கைக்குத்தான் போகும், பாரிஸின் சட்டம் வந்தால் அவர்கள் பிடி தளரும். அன்று பாரிஸில் இடதுசாரிகள் வலுவாக இருந்தார்கள், சமூகப் பாதுகாப்புத் திட்டம் அப்போதுதான் பிறந்திருந்தது. அந்த நேரத்தில் இது மோசமான கணக்கல்ல. செசேர் கேட்டது பிரெஞ்சுக்காரராக மாறும் வரத்தை அல்ல, ஏற்கெனவே எழுதிக்கொடுத்த கடனை. அதைப் பின்னாளில் வந்த விமர்சகர்கள் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் அந்தச் சட்டம் பலன் தந்ததா?

காகிதத்தில் உடனே, வாழ்க்கையில் அரைநூற்றாண்டு கழித்து.

சட்டத்தின்படி, பிரான்ஸில் நடைமுறையில் இருந்த சட்டங்கள் 1947 ஜனவரி 1க்குள் இந்த மாவட்டங்களுக்கும் ஆணைகள் மூலம் விரிவாக்கப்பட வேண்டும். கெடு தள்ளிப்போனது. பிரெஃபெக்ட் வந்தார், காவல்துறை வந்தது, பிரான்ஸிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். சமூகப் பாதுகாப்பு மட்டும் துண்டு துண்டாக வந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல: பிரெஃபெக்டை அனுப்பச் செலவு குறைவு, ஓய்வூதியமும் குடும்பப் படியும் கொடுக்க நிதியமைச்சகம் பணம் தர வேண்டும்.

நிலைமையைக் காட்டும் ஒரு சண்டை: பிரான்ஸிலிருந்து வந்த அரசு ஊழியர்களுக்குக் கூடுதல் படி, அதே அலுவலகத்தில் அதே வேலை பார்த்த உள்ளூர் ஊழியர்களுக்கு அது கிடையாது. 1953இல் ஊழியர்கள் இரண்டு மாதம் அளவுக்கு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பயனாக உள்ளூர் ஊழியர்களுக்கும் ஊதியத்தில் கூடுதல் விழுக்காடு கிடைத்தது. பிறகு அது 40 விழுக்காட்டில் நிலைபெற்றது. வெற்றிதான். ஆனால் அரசு வேலையில் இருப்பவருக்கும் தோட்டத்தில் இருப்பவருக்கும் இடையே ஒரு புதிய பள்ளத்தையும் அது வெட்டியது.

இன்னொரு தேதியைச் சொன்னால் போதும். பிரான்ஸில் உள்ள குறைந்தபட்ச ஊதியமே இந்தக் கடல்கடந்த மாவட்டங்களுக்கும் என்று ஆனது 1996இல். சட்டம் வந்து ஐம்பது ஆண்டுகள். செசேர் நாடாளுமன்றத்தை விட்டு மூன்று ஆண்டுகள். அவருடைய எம்.பி. வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரே வேலையில் கழிந்தது: தானே அறிக்கை எழுதி நிறைவேற்றிய சட்டத்தை அமல்படுத்தும்படி ஒவ்வோர் அமைச்சரவையிடமும் நினைவூட்டுவது. பட்ஜெட் விவாதம் வந்தால் செசேர் எழுவார். எழுந்தால் கடல்கடந்த மாவட்டங்களின் கணக்கு வரும்.

அவையில் எப்படிப் பேசுவார்? கவிஞர் என்பதால் கவிதையாகவா?

எண்களோடு தொடங்குவார். இலக்கணச் சுத்தமான, நீண்ட வாக்கியங்கள். எதிரணியினருக்கு எரிச்சலூட்டியது அவருடைய கோபத்தைவிட அவருடைய பிரெஞ்சுதான் என்று நினைக்கிறேன். அவர்களில் பலரைவிட நன்றாகப் பேசினார்.

1950 மார்ச்சில் நடந்த ஒரு விவாதம் அவைக் குறிப்புகளில் இருக்கிறது. செசேர் காலனி ஆட்சியைச் சாடிக்கொண்டிருக்கும்போது ஓர் உறுப்பினர் குறுக்கிட்டு, பிரான்ஸ் இல்லாவிட்டால் நீங்கள் என்னவாக இருந்திருப்பீர்கள் என்று கேட்டார். என் சுதந்திரத்தைப் பறிக்க யாரும் முயன்றிராத ஒரு மனிதனாக இருந்திருப்பேன் என்றார் செசேர். உங்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தோமே என்ற பொருளில் இன்னொருவர் குரல் கொடுத்தார். எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள் அல்லர். பிள்ளைகள் படித்து நாளை தங்களுக்காகப் பேசட்டும் என்று ரத்தத்தைச் சிந்திய ஆயிரக்கணக்கான மார்த்தினிக் மக்களின் தியாகத்தால் படித்தேன் என்று பதில் வந்தது.

அதே 1950இல்தான் காலனியாதிக்கத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை நூலாக வெளிவந்தது. காலனியாதிக்கம் அதைச் செய்பவனையே மிருகமாக்குகிறது, ஹிட்லர் ஐரோப்பாவில் செய்தது ஐரோப்பா அதுவரை மற்றவர்களுக்குச் செய்துவந்ததுதான் என்பது அதன் வாதம். ஆசிரியர் பதவியில் இருக்கும் எம்.பி. என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அதன் துணிச்சல் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கம்யூனிஸ்ட் கட்சியை ஏன் விட்டார்?

1956 அக்டோபர் 24 அன்று பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் மொரிஸ் தொரேஸுக்கு நீண்ட கடிதம் எழுதி விலகினார். ஸ்டாலினின் குற்றங்களைச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் அதே ஆண்டு பிப்ரவரியில் வெளிப்படுத்தியிருந்தார். பிரெஞ்சுக் கட்சி அதைப் பற்றி வாய் திறக்கத் தயங்கியது. மார்ச்சில், அல்ஜீரியாவில் கிளர்ச்சியை ஒடுக்க அரசு கேட்ட சிறப்பு அதிகாரங்களுக்கு ஆதரவாகக் கட்சி வாக்களித்தது.

இவை உடனடிக் காரணங்கள். கடிதத்தின் மையம் வேறு. மார்க்சியம் கறுப்பின மக்களுக்கு உழைக்கட்டும், கறுப்பின மக்கள் மார்க்சியத்துக்கு உழைக்க வேண்டியதில்லை என்றார். கட்சி தங்களை நடத்திய விதத்தை, தம்பியின் கையைப் பிடித்து வழிகாட்டுவதாக எண்ணிக்கொள்ளும் அண்ணனின் மனப்பான்மை என்று வருணித்தார். தன் வட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைபட்டுப்போவது ஒரு வகை அழிவு, எல்லோருக்கும் பொதுவானது என்ற பெயரில் கரைந்துபோவது இன்னொரு வகை அழிவு என்ற அவருடைய கருத்தும் அதில்தான் இருக்கிறது. பதினோராண்டு முன்பு பதவி தந்த கட்சியிடமிருந்து விலகுகிறவர், அடுத்த தேர்தலுக்கான கணக்கு எதையும் போட்டதாக அந்தக் கடிதத்தில் தெரியவில்லை. ஆயினும் வாக்காளர்கள் கட்சியோடு நிற்கவில்லை, அவரோடு நின்றார்கள்.

1958 மார்ச்சில் மார்த்தினிக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். அதன் கோரிக்கை சுதந்திரம் அல்ல, பிரான்ஸுக்குள் சுயாட்சி.

1958இல் தெ கோலுக்கு ஆதரவாக வாக்களிக்கச் சொன்னாராமே?

சொன்னார். பிரான்ஸின் இன்றைய ஆட்சியமைப்பான ஐந்தாம் குடியரசின் அரசியலமைப்பின்மீது நடந்த பொது வாக்கெடுப்புக்கு முன்பு, அப்போது பிரதமராக இருந்த தெ கோல் எழுத்தாளரான ஆந்த்ரே மால்ரோவைத் தீவுக்கு அனுப்பினார். செசேர் அவரை வரவேற்று, கடல்கடந்த மாவட்டங்களின் பிரச்சினைகள் தீரும் என்ற நம்பிக்கையில் 'ஆம்' என்று வாக்களிக்கக் கோரினார்.

அதற்குக் கிடைத்த கைம்மாறு ஓராண்டில் தெரிந்தது. 1959 டிசம்பரில் ஃபோர்-த-ஃபிரான்ஸில் ஒரு சாதாரணச் சாலைத் தகராறு, வெள்ளையர் ஒருவரின் காரும் கறுப்பினத்தவர் ஒருவரின் ஸ்கூட்டரும் மோதிய விவகாரம், மூன்று நாள் கலவரமாக வெடித்தது; மூன்று இளைஞர்கள் உயிரிழந்தார்கள். 1960 அக்டோபரில் அரசு ஓர் ஆணை கொண்டுவந்தது: பொது ஒழுங்கைக் கெடுப்பதாகக் கருதப்படும் அரசு ஊழியரை பிரெஃபெக்டின் பேச்சின்பேரில் பிரான்ஸுக்கு இடம் மாற்றலாம். இடதுசாரி ஆசிரியர்களும் அலுவலர்களும் தீவை விட்டு அனுப்பப்பட்டார்கள். அது நீங்க 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமைச்சர் பதவி கிடைத்ததா?

இல்லை, ஒருபோதும். நண்பர் செங்கோர் 1955இல் பிரெஞ்சு அரசில் துணை அமைச்சராக இருந்தார், பிறகு செனகலின் குடியரசுத் தலைவரானார். ஐவரி கோஸ்ட்டின் ஊஃபுவே-புவாஞி பாரிஸில் அமைச்சராகிப் பிறகு தன் நாட்டின் தலைவரானார். கயானாவின் மொனெர்வில் செனட்டின் தலைவராக நீண்ட காலம் இருந்தார். ஏறக்குறைய ஒரே காலத்தில் அதே கட்டடத்துக்குள் இருந்த இவர்களில் செசேர் ஒருவரே கடைசி வரை வெறும் உறுப்பினர். பின்னாளில் சோஷலிஸ்ட் குழுவோடு சேர்ந்து உட்கார்ந்தார், அந்தக் கட்சியில் சேரவில்லை.

எம்.பி.யும் மேயரும் ஒரே ஆள், அது எப்படி முடியும்?

பிரான்ஸில் அது நெடுநாள் வழக்கம். பாரிஸில் ஒரு காலும் சொந்த ஊரில் ஒரு காலும் வைத்திருப்பதைப் பெருமையாகவே கருதினார்கள். 2014இல் இயற்றப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் எம்.பி.க்கள் மேயராக இருப்பதைத் தடுத்தது.

செசேர் 1945 முதல் 2001 வரை ஃபோர்-த-ஃபிரான்ஸின் மேயர். மருத்துவர் பியேர் அலிக்கேர் அவருடைய நீண்ட காலத் துணை. செசேர் பாரிஸில் இருக்கும் மாதங்களில் நகராட்சியை நடத்தியவர் அவர்தான் என்று சொன்னால் மிகையாகாது.

சர்க்கரைத் தொழில் சரிந்து, 1950களிலும் 1960களிலும் கிராமங்களிலிருந்து மக்கள் தலைநகருக்கு வந்து குவிந்தார்கள். திரெனெல், வோல்கா-பிளாஷ், டெக்ஸாகோ போன்ற பகுதிகளில் மலைச்சரிவிலும் சதுப்பிலும் தகரமும் பலகையும் கொண்டு வீடுகள் முளைத்தன. வேறு நகரங்களில் புல்டோசர் வந்திருக்கும். இங்கே நகராட்சி படிக்கட்டு கட்டியது, குழாய் போட்டது, சாக்கடை வெட்டியது. ஓலையும் தகரமும் மெல்லச் சிமெண்டானது. அரசியல் ரீதியில் இது அவருடைய வாக்கு வங்கி என்று எதிரிகள் சொன்னதும் பொய்யில்லை. நகராட்சியில் வேலை கொடுத்தே ஆதரவைக் கட்டிக்காத்தார் என்ற குற்றச்சாட்டுக்கும் அடிப்படை உண்டு. ஆனால் எனக்கு அவருடைய கவிதைகளுக்கு இணையாகப் பிடித்தது அந்தச் சாக்கடைகள்தாம். 1976இல் அவர் தொடங்கிய நகராட்சிப் பண்பாட்டு மையத்தில் நாடகமும் மட்பாண்டமும் நடனமும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டன.

ஆள்களை வெளியே அனுப்பும் திட்டத்தை எதிர்த்தாரா?

கடுமையாக. 1963இல் பிரெஞ்சு அரசு ஒரு தனி அலுவலகம் அமைத்து, கடல்கடந்த மாவட்டங்களின் இளைஞர்களைப் பிரான்ஸில் மருத்துவமனை, அஞ்சல், தொழிற்சாலை வேலைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. போகும் வழிக்கு டிக்கெட் அரசு தரும். தீவில் வேலையில்லை, பிரான்ஸில் ஆள் தேவை. அதிகாரிகள் பார்வையில் இரண்டு பிரச்சினைகளுக்கு ஒரே தீர்வு. 1981 வரை இது நடந்தது. இளைஞர்கள் வெளியேற, பிரான்ஸிலிருந்து அதிகாரிகளும் வணிகர்களும் வந்து குடியேறுவதைப் பார்த்த செசேர், 1970களில் இதை 'ஆள் மாற்றீட்டின் மூலம் இனப்படுகொலை' என்றே கூறினார். சொல் மிகையானதுதான். அதைச் சொன்னவர் பட்ஜெட் எண்களோடு பேசிப் பழகியவர் என்பதால் அந்த மிகை அவருடைய மனநிலையைக் காட்டுகிறது.

தனி நாடு கேட்டதே இல்லையா?

இல்லை. அதற்குக் காரணம் 1981இல் வெட்டவெளிச்சமானது. அவ்வாண்டு மே மாதக் குடியரசுத் தலைவர் தேர்தலில் செசேர் சோஷலிஸ்ட் வேட்பாளர் மித்தரானை ஆதரித்தார். மார்த்தினிக்கின் வாக்காளர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வலதுசாரி ஜிஸ்கார் தெஸ்தேனுக்கு வாக்களித்தார்கள். சோஷலிஸ்டுகள் வந்தால் பிரான்ஸ் தங்களைக் கைவிட்டுவிடும், படிகளும் ஓய்வூதியமும் போய்விடும் என்ற பயம். அதே மக்கள் செசேரைத் தவறாமல் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

பிரான்ஸ் முழுவதும் மித்தரான் வென்றுவிட்டதால் செசேர் இக்கட்டில் மாட்டினார். சில நாள்களிலேயே தீவின் அரசியல் அந்தஸ்து பற்றிய கோரிக்கைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். முதலில் பொருளாதாரமும் அதிகாரப் பரவலாக்கமும், மற்றவை பிறகு. சுதந்திரம் கேட்டவர்கள் துரோகம் என்றார்கள். வாக்குப் பெட்டியைப் பார்த்த எவருக்கும் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1982இல் தீவுக்கு ஒரே ஒரு பேரவை அமைக்கும் மசோதாவை அரசு கொண்டுவந்தது. அரசியலமைப்பு மன்றம் அதைச் செல்லாது என்றது. பிரான்ஸின் மற்ற மாவட்டங்களைப் போலத்தான் இருக்க வேண்டுமாம். 1946இல் கேட்டு வாங்கிய சமத்துவம் இப்போது முட்டுக்கட்டையாக வந்து நின்றது. ஆகவே ஒரே தீவில் மாவட்டப் பேரவை ஒன்று, பிராந்தியப் பேரவை ஒன்று. 1983இல் பிராந்தியப் பேரவையின் தலைவரானார் செசேர்.

மார்த்தினிக்கில் தமிழர்கள் இருக்கிறார்களா? செசேருக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அடிமை முறை ஒழிந்த பிறகு தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுவந்தார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் முதல் தொகுதியைக் கொண்டுவந்து இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் 25,000க்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக வந்தவர்களில் தமிழர்கள் நிறைய. ஒப்பந்தம் முடிந்து ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள், பலர் மாண்டார்கள், மற்றவர்கள் தங்கினார்கள். அவர்களுடைய சந்ததியினர் அதிகம் வாழும் இடம் தீவின் வடக்கு; அதிலும் செசேர் பிறந்த பாஸ்-புவாந்த். அங்கே சிறு கோயில்களில் மாரியம்மனையும் மதுரைவீரனையும் உருமாறிய பெயர்களில் இன்றும் வழிபடுகிறார்கள், ஆட்டுக்கிடா பலியும் உண்டு. 'கொலம்போ' என்ற மசாலாக் குழம்பு தீவு முழுவதற்கும் பொதுவான உணவாகிவிட்டது.

தன் முதல் நெடுங்கவிதையில் ஒடுக்கப்பட்டவர்களோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்ளும் இடத்தில் 'கல்கத்தா இந்து மனிதன்' ஒருவனையும் செசேர் சேர்த்துக்கொள்கிறார். ஆயினும் தீவின் இந்தியர்களில் சிலருக்கு ஒரு மனக்குறை உண்டு: ஆப்பிரிக்காவை மீட்டெடுத்த அந்தச் சிந்தனையில், அடுத்த வீட்டில் இருந்த தங்களுக்குப் பெரிய இடம் இல்லை என்று.

புதுச்சேரியும் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பியதா?

அனுப்பியது. பிரெஞ்சு இந்தியாவுக்கு அந்த அவையில் ஓர் இடம் இருந்தது. 1951இல் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எதுவார்ட் குபேர். ஆக, பாரிஸின் ஒரே மண்டபத்தில் மார்த்தினிக்கின் செசேரும் புதுச்சேரியின் குபேரும் சில காலம் உட்கார்ந்திருந்தார்கள். முடிவுகள் நேர் எதிர். மார்த்தினிக் பிரான்ஸின் மாவட்டமாகவே நீடித்தது. குபேர் 1954இல் இந்தியாவோடு இணைவதை ஆதரிக்கும் பக்கம் வந்தார். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, 1963இல் அவர் புதுச்சேரியின் முதலமைச்சரானார். புதுச்சேரிக்குப் பின்னால் ஓர் இந்தியா இருந்தது. மார்த்தினிக்கைச் சுற்றிக் கடல்தான் இருந்தது.

எப்போது ஓய்வு பெற்றார்?

1993 தேர்தலில் நிற்கவில்லை. அவருடைய கட்சியின் கமீய் தார்சியேர் அந்த இடத்துக்கு வந்தார். 2001இல் மேயர் பதவியை செர்ஷ் லெச்சிமியிடம் விட்டார். ஆனாலும் பழைய நகராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை அவருக்கு இருந்தது; அங்கே வருகிறவர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார்.

சர்க்கோசியைச் சந்திக்க மறுத்த கதை என்ன?

2005 பிப்ரவரி 23ஆம் தேதிச் சட்டத்தின் ஒரு பிரிவு, கடல்கடந்த நாடுகளில் பிரான்ஸ் ஆற்றிய 'நேர்மறையான பங்கை'ப் பள்ளிப் பாடத்திட்டம் ஏற்க வேண்டும் என்றது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த நிக்கொலா சர்க்கோசி டிசம்பரில் தீவுக்கு வரவிருந்தார். 92 வயது செசேர், காலனியாதிக்கத்தை எதிர்த்து எழுதியவன் இந்தச் சட்டத்தின் உணர்வோடு ஒத்துப்போவதாகத் தோற்றமளிக்க முடியாது என்று சந்திக்க மறுத்தார். அமைச்சரின் பயணம் ரத்தானது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. மார்ச்சில் சர்க்கோசி வந்தபோது செசேர் அவரை வரவேற்றார், 1950ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரை நூலையும் கையில் கொடுத்தார். பதவி ஏதும் இல்லாமல் ஒரு சட்டப் பிரிவுக்கு எதிராக அவர் செய்தது, பதவியில் இருந்தபோது பல ஆண்டு பேச்சுகளால் செய்ய முடியாததைவிட வேகமாகப் பலித்தது என்பது கசப்பான வேடிக்கை.

2008 ஏப்ரல் 17 அன்று காலமானார். தலைநகரின் விளையாட்டரங்கில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. அப்போது குடியரசுத் தலைவராகியிருந்த சர்க்கோசி வந்தார், உரையாற்றவில்லை. 2011இல், நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமான பாரிஸ் பந்தேயோனில் அவருக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள். உடல் தீவிலேயே இருக்கிறது.

அவர்மீதுள்ள முக்கியமான விமர்சனம் எது?

எழுத்தில் புரட்சி, அவையில் சமரசம் என்பதுதான். அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் சிலர் இதைக் காரமாகவே எழுதினார்கள். மேடைகளிலும் நூல்களிலும் அவர் கையாண்டது தூய பிரெஞ்சு, மக்கள் வீட்டில் பேசும் கிரெயோலில் இலக்கியம் படைக்கவில்லை என்ற குறையும் அதோடு சேரும்.

முதல் குற்றச்சாட்டை நான் பாதிதான் ஏற்கிறேன். அவருடைய சமரசம் பிரான்ஸின் அமைச்சர்களோடு அல்ல, தன் வாக்காளர்களோடு. அவர்களுக்குச் சுதந்திரம் வேண்டாம் என்று பட்டது, பென்ஷன் வேண்டியிருந்தது. அந்த இரண்டையும் மதித்தார். ஆனால் தீவின் உற்பத்தி சரிந்து, பிரான்ஸிலிருந்து வரும் படியில் வாங்கித் தின்னும் பொருளாதாரமாக அது மாறியதைத் தடுக்க அவரிடம் திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. அரசியல் அந்தஸ்தைப் பற்றி யோசித்த அளவுக்கு அவர் சந்தையைப் பற்றி யோசிக்கவில்லை.

இன்று மார்த்தினிக்கின் நிலை என்ன?

இன்றும் பிரான்ஸின் பகுதி. 2010 ஜனவரியில் கூடுதல் சுயாட்சி வேண்டுமா என்று கேட்ட வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் மறுத்தார்கள். இரண்டு பேரவைகளை ஒன்றாக்க அதே மாதம் ஒப்புக்கொண்டார்கள். 1982இல் தடுக்கப்பட்ட அந்த ஒற்றைப் பேரவை 2016 முதல் செயல்படுகிறது. அதோடு அமைந்த நிர்வாகக் குழுவின் தலைவராக 2021இல் வந்தவர் செசேரிடமிருந்து மேயர் பதவியைப் பெற்ற லெச்சிமிதான்.

உணவுப் பொருள்களின் விலை பிரான்ஸைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம் என்று பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனம் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் சொன்னது. 2024 செப்டம்பரில் இதை எதிர்த்துத் தொடங்கிய போராட்டங்கள் கடையடைப்பு, தீவைப்பு, ஊரடங்கு வரை போயின. போராடியவர்கள் கேட்டது, பிரான்ஸில் உள்ள விலையே இங்கேயும் வேண்டும் என்பது.